பெட்டிக்கு முன்னே போகும் காகிதம்

2021 மே மாதம் கொரோனாவின் இரண்டாம் அலையில் தமிழ்நாடு மூச்சுத் திணறிக்கொண்டிருந்தபோது, சிங்கப்பூரில் இருந்த எங்களுக்குப் பணம் ஒரு பிரச்சினையாகவே இல்லை. ஊரில் அப்பா, சித்தப்பா, பள்ளிக்கூடத்து வாத்தியார் என்று ஒவ்வொருவர் குடும்பத்திலும் யாராவது ஒருவர் படுத்திருந்தார். ஐந்நூறு வெள்ளி, ஆயிரம் வெள்ளி என்று கேட்காமலேயே வந்தது. அந்தப் பணத்தை ஒரு நோயாளியின் மூக்கில் மாட்டும் குழாய் வரைக்கும் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதுதான் எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அது ஒரு தொழில். காக்கி புக்கிட்டில் சிறிய கார்கோ ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு பாயிடம் அதைக் கற்றுக்கொண்டேன்.

நான் மன்னார்குடி. பாய்க்குப் பக்கத்துக் கூத்தாநல்லூர். பர்மா, மலாயா என்று கடல் தாண்டிப் போய்க் கடை வைத்தவர்களின் ஊர் அது. பாயும் அப்படி ஒரு குடும்பத்தில் மூன்றாம் தலைமுறை. சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவான தேக்காவில் சாமான் வாங்கி ஊருக்கு அனுப்புகிறவர்களின் பெட்டிகளைத் திருச்சிக்கும் சென்னைக்கும் ஏற்றிவிடுவதுதான் பல வருடமாக அவர் பிழைப்பு. மைலோ டின், கோடாலித் தைலம், போர்வை, கல்யாணத்துக்கு மின்விசிறி. எங்கள் நண்பர் வட்டத்தில் எனக்குத்தான் கணக்குப் பார்க்கும் வேலை. வீட்டிலிருந்தபடி வங்கியில் கணினி வேலை பார்த்துக்கொண்டிருந்ததால் நேரம் வளைந்துகொடுத்தது. "நீ போய் பாயைப் பாரு, அவர் அனுப்பித் தருவார்" என்று அனுப்பிவைத்தார்கள்.

அந்த நாட்கள் எப்படி இருந்தன என்று சொல்லாமல் மேலே போக முடியாது. ஏப்ரல் 23 இரவோடு, அண்மையில் இந்தியாவில் இருந்த நீண்டகால பாஸ்காரர்களும் வருகையாளர்களும் நுழையக் கூடாது என்று சிங்கப்பூர் கதவைச் சாத்திவிட்டது. ஊருக்குப் போனால் வேலைக்குத் திரும்ப முடியாது. மே 6 அன்று இந்தியா முழுவதும் ஒரே நாளில் 4,14,188 பேருக்குத் தொற்று. வட மாநிலங்களில் குறையத் தொடங்கியபோது தமிழ்நாட்டில் ஏறியது. மே 21 அன்று மட்டும் 36,184 பேர். சென்னையில் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன. உள்ளே இடம் கிடைக்கும்வரை நோயாளிகள் வண்டியிலேயே ஆக்சிஜனோடு கிடந்தார்கள். இரவு இரண்டு மணிக்கு வாட்ஸ்அப் அழைப்பு வந்தால் எடுக்கவே கை நடுங்கும்.

பாய் ஆபீஸுக்கு நான் கொண்டுபோனது ஒரு எக்செல் பட்டியல். யார் யார் எவ்வளவு தந்தார்கள், எத்தனை ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வாங்கலாம், எந்தக் கடையில் என்ன விலை. நோன்பு மாதம். பாய் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். பட்டியலைப் பொறுமையாகக் கடைசி வரி வரை படித்தார்.

"எல்லாம் சரிம்மா. இது யாரு கேட்டது?"

"எல்லா ஆஸ்பத்திரியிலயும் தேவைதானே பாய்."

"எல்லாருக்கும் தேவைன்னா யாரு கையெழுத்துப் போட்டு வாங்குவா? பேரு சொல்லு. வார்டு சொல்லு. ராத்திரி டூட்டியில யாரு இருக்கான்னு சொல்லு. அதுக்கப்புறம் பொட்டியைப் பத்திப் பேசுவோம்."

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி எங்கள் டெல்டாவைப் புரட்டிப்போட்டபோது, பாயும் பெட்டி பெட்டியாக அனுப்பியவர். கூரை பறந்த வீட்டுக்காரனுக்கு முதலில் தார்ப்பாய் வேண்டும். தென்னை சாய்ந்த தோப்புக்காரனுக்கு மரம் அறுக்கும் மெஷின் வேண்டும். வந்து குவிந்ததோ பழைய துணி. அப்போதிலிருந்து, வாங்கப்போகிறவர் வாயால் கேட்காமல் அவர் எதையும் ஏற்றுவதில்லை. மனம் நிறைந்து கொடுப்பதும் கைக்குப் பயன்படுவதும் இரண்டு வேறு காரியம், இரண்டாவதற்குத்தான் உழைப்பு அதிகம் என்பதை அவர் சொல்லித் தரவில்லை. என்னை உட்காரவைத்துப் போன் பண்ண வைத்தார்.

டெல்டாவில் ஒரு தாலுகா அரசு மருத்துவமனை. என் தோழியின் அண்ணி வழியாக அங்கே கொரோனா வார்டில் இருந்த ஒரு ஸ்டாஃப் நர்ஸின் எண் கிடைத்தது. அவர்கள் பிபிஇ உடையைக் கழற்றிவிட்டு வெளியே வரும் நேரம் பார்த்துத்தான் பேச முடியும். கேட்க வேண்டியதைப் பாய் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். வார்டில் எத்தனை கட்டில், எத்தனை கட்டிலுக்குப் பக்கத்தில் பிளக் பாயிண்ட், அது ஐந்து ஆம்பியரா பதினைந்தா. கரண்ட் போனால் ஜெனரேட்டர் எதற்கெல்லாம் எடுக்கும். டிஸ்டில்ட் வாட்டர் யார் வாங்கித் தருகிறார்கள். மெஷினின் ஃபில்டரைக் கழுவ ஆள் உண்டா. இதையெல்லாம் ஒரு நர்ஸிடம், அதுவும் அந்த நேரத்தில், கேட்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. பாய்க்கு அந்தக் கூச்சம் கொஞ்சமும் இல்லை. "இப்ப அஞ்சு நிமிஷம் அவங்களைத் தொந்தரவு பண்ணலைன்னா, பொட்டி போய் இறங்கினதும் அஞ்சு நாள் தொந்தரவு பண்ணுவோம்" என்றார்.

அந்தக் கேள்விகளின் அருமை கணக்குப் போட்டபோது புரிந்தது. ஐந்து லிட்டர் கான்சன்ட்ரேட்டர் ஒன்று சுமார் 350 வாட் இழுக்கும். நாங்கள் நினைத்திருந்தபடி இருபது மெஷினை ஒரே வார்டில் வைத்தால் ஏழாயிரம் வாட். பழைய கட்டடம், ஃபேனுக்கும் லைட்டுக்கும் போட்ட வயரிங். மெஷினுக்குள் பேட்டரி கிடையாது; கரண்ட் போன நொடியில் நின்றுவிடும். சிஸ்டர் அனுப்பிய குரல் பதிவில் பதில் தெளிவாக இருந்தது: ஜெனரேட்டர் பிரசவ வார்டுக்கும் ஆபரேஷன் தியேட்டருக்கும்தான், இந்த வார்டுக்கு வராது. அந்த ஒரு பதிலால் எங்கள் பட்டியலில் மெஷின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது.

அதே பதிவின் கடைசியில், போகிற போக்கில் சொல்வதுபோல ஒன்று சொன்னார். "மேடம், சிலிண்டர் வருது. ரெகுலேட்டர்தான் இல்ல. ரெண்டு பேஷன்ட்டுக்கு ஒண்ணை மாத்தி மாத்திப் போடறோம்."

அதை நான் மூன்று முறை கேட்டேன். ஆக்சிஜன் நிரம்பிய சிலிண்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதன் அழுத்தத்தைக் குறைத்து நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று அளந்துவிடும் ரெகுலேட்டரும் ஃப்ளோமீட்டரும் இல்லாததால் அது வெறும் இரும்பாக நிற்கிறது. நாடே ஆக்சிஜன், ஆக்சிஜன் என்று அலறிக்கொண்டிருந்தது. மே 14 அன்று துர்காப்பூரிலிருந்து முதல் ஆக்சிஜன் எக்ஸ்பிரஸ் ரயில் தண்டையார்பேட்டையில் வந்து இறங்கியதைத் தொலைக்காட்சிகள் காட்டின. சிங்கப்பூர் விமானப்படையின் இரண்டு சி-130 விமானங்கள் ஏப்ரல் 28 அன்று 256 சிலிண்டர்களோடு இந்தியாவுக்குப் பறந்திருந்தன. இந்தியக் கடற்படையின் ஐராவத் கப்பல் இங்கிருந்து கிரையோஜெனிக் டாங்குகளையும் ஆயிரக்கணக்கான சிலிண்டர்களையும் ஏற்றிக்கொண்டு மே 10 அன்று விசாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தது. அரசாங்கங்கள் செய்ய வேண்டிய பெரிய காரியம் அது. எங்களைப் போன்றவர்கள் செய்யக்கூடியது, அந்தப் பெரிய சங்கிலி வந்து முடியும் இடத்தில் விட்டுப்போன கடைசிக் கண்ணியைத் தேடிக் கண்டுபிடிப்பது. அந்தக் கண்ணி ஒரு உள்ளங்கைப் பித்தளைச் சாமான் என்று ஒரு நர்ஸ் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

ரெகுலேட்டர் என்றதும் வாங்கிவிட முடியாது. இங்கே எனக்கு இன்னொரு வாத்தியார் கிடைத்தார். மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்க்கும் டெக்னீஷியன், புதுக்கோட்டைக்காரர், பாய்க்கு நண்பர். "வால்வோட வாயைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க" என்றார். சிஸ்டர் அனுப்பினார். பெரிய சிலிண்டரின் வாய் உட்புறம் மறை வெட்டிய வட்டம். அதற்குப் புல்நோஸ் வகை ரெகுலேட்டர். சின்ன சிலிண்டரில் மறையே இல்லை. தட்டையான முகத்தில் ஒரு துளை, அதற்குக் கீழே இரண்டு சிறு குழிகள். அது பின் இண்டெக்ஸ். ஒவ்வொரு மருத்துவ வாயுவுக்கும் அந்தக் குழிகளின் இடம் வேறு. ஆக்சிஜனுக்கு இரண்டாம் இடமும் ஐந்தாம் இடமும். நைட்ரஸ் ஆக்சைடுக்கு மூன்றும் ஐந்தும். ரெகுலேட்டரில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு முளைகள் அந்தக் குழிகளில் உட்கார்ந்தால்தான் மாட்ட முடியும். அவசரத்தில், அரைத் தூக்கத்தில், யாரும் தவறான வாயுவை நோயாளிக்குத் திறந்துவிடக் கூடாது என்று எவரோ எப்போதோ யோசித்துச் செய்த ஏற்பாடு. டெக்னீஷியன் ஒரு ரெகுலேட்டரை என் கையில் கொடுத்து விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். முளைகளுக்கு மேலே, வாயு நுழையும் முனையைச் சுற்றி ஒரு மெல்லிய வளையம், உலோக விளிம்பு வைத்த ரப்பர். போடோக் வாஷர். அது தேய்ந்தாலோ தொலைந்தாலோ வாயு சீறி வெளியேறும். நோயாளிக்குப் போவது குறையும். ரெகுலேட்டருக்கு ஒன்று என்று வாஷர் தனியாகவும் வாங்கினோம். திருகு இறுக்கமாக இருந்தால் எண்ணெய் போடலாமா என்று நான் கேட்டதற்கு அவர் முகமே மாறிவிட்டது. அழுத்தத்தில் வரும் ஆக்சிஜன் எண்ணெய்ப் பிசுக்கைத் தொட்டால் தீப்பிடிக்கும். கையில் க்ரீம் தடவியிருந்தால்கூடக் கழுவிவிட்டுத் தொட வேண்டும். அந்த வரியைச் சிவப்பு மையில் தமிழில் எழுதி, ஒவ்வொரு ரெகுலேட்டரோடும் கட்டி அனுப்பினேன்.

கான்சன்ட்ரேட்டரையும் விட்டுவிடவில்லை. எண்ணிக்கையைக் குறைத்தோமே தவிர, தேவை உண்மையானது. சிலிண்டர் தீர்ந்துபோகும். சின்ன பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர்; நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் வைத்தால் ஐந்து மணி நேரம். கான்சன்ட்ரேட்டர் கரண்ட் இருக்கும்வரை ஓடும். காற்றில் 21 சதவீதம்தான் ஆக்சிஜன், மீதி பெரும்பாலும் நைட்ரஜன். மெஷினுக்குள் சியோலைட் என்ற மணிமணியான பொருள் நிரப்பிய இரண்டு குழல்கள். அழுத்தத்தில் காற்றைத் தள்ளினால் நைட்ரஜன் அதில் ஒட்டிக்கொள்ளும், 90 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் வெளியே வரும். ஒரு குழல் வேலை செய்யும்போது மற்றது நைட்ரஜனைக் கக்கிவிட்டு அடுத்த முறைக்குத் தயாராகும். மெஷினுக்குப் பக்கத்தில் நின்றால் சில விநாடிக்கு ஒருமுறை புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு கேட்கும். அது அந்த மாற்றம்.

மிதமாக மூச்சுத் திணறுகிறவர்களுக்குத்தான் இது. நிமிடத்துக்குப் பதினைந்து லிட்டர், அதற்கு மேல் வேண்டியிருப்பவர்களுக்கு இதை நம்ப முடியாது என்பதைப் பணம் தந்தவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்றார் டெக்னீஷியன். சொன்னோம். சிலருக்கு வருத்தம். ஆனால் யாரும் பணத்தைத் திரும்பக் கேட்கவில்லை.

வாங்கிய ஒவ்வொரு மெஷினையும் பிரித்து ஓட்டிப் பார்த்தோம். இருபது நிமிடம் சூடாகவிட்டு, முழு ஐந்து லிட்டரில் வைத்து, குழாய் முனையில் ஆக்சிஜன் அனலைசரைப் பிடிக்க வேண்டும். ஒரு லிட்டரில் வைத்துப் பார்த்தால் எந்த மெஷினும் நல்ல மெஷின்தான். அந்த மாதங்களில் சந்தைக்கு வந்த மலிவான வீட்டு உபயோக மெஷின்கள் சில, பெட்டியின் மேல் 93 சதவீதம் என்று போட்டிருக்கும். ஒரு லிட்டருக்கு அது உண்மை. ஓட்டத்தைக் கூட்டக் கூட்ட நாற்பது, முப்பது என்று இறங்கும். அப்படி ஒன்றை மாதிரிக்கு வரவழைத்து அனலைசரில் எண் இறங்குவதைக் கண்ணால் பார்த்தேன். நோயாளியின் விரலில் ஆக்சிமீட்டர் ஏறாமல் நிற்கும், டாக்டர் மருந்தை மாற்றுவார், மெஷின் பச்சை விளக்கோடு ஓடிக்கொண்டே இருக்கும். மருந்துச் சீட்டில் பொய் எழுதுவதற்குச் சமம் இது. அந்த வகையை நாங்கள் தொடவில்லை.

அமெரிக்காவில் இருக்கும் என் அத்தை மகன் அங்கிருந்து மெஷின் அனுப்புகிறேன் என்றான். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம் ஊரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் போச்சு என்று நினைத்தோம். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. அறுபதுக்குச் செய்த கம்ப்ரசர் மோட்டார் ஐம்பதில் மெதுவாகச் சுற்றும், சூடாகும், அழுத்தம் குறையும். சிங்கப்பூரில் மின்சாரம் நம் ஊர் போலவே 230, 50. பிளக் மட்டும் சதுர முளை. இங்கே வாங்கி பிளக்கை மாற்றி அனுப்புவதுதான் சரி என்று அவனிடம் சொன்னேன். அவன் பணமாகத் தருகிறேன் என்றபோது பாய் முதலில் கேட்ட கேள்வி, "தம்பிகிட்ட எந்த நாட்டுப் பாஸ்போர்ட்?"

இந்தப் பாடம் எனக்குப் புதிது. இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2020 செப்டம்பரில் திருத்தப்பட்டு இறுகியிருந்தது. இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் சம்பாதித்த சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாற்றிக்கொண்டவர் அனுப்பினால் ஆகும், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும்கூட. அந்தப் பணத்தை வாங்கும் அறக்கட்டளைக்குப் பதிவு வேண்டும்; பணம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறந்த கணக்கில்தான் இறங்க வேண்டும்; வாங்கிய அறக்கட்டளை அதை வேறொரு அறக்கட்டளைக்குக் கைமாற்றிவிடவும் கூடாது. முன்பு பெரிய அமைப்பு வாங்கிக் கிராமத்தில் இருக்கும் சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கும். அந்த வழி அடைபட்டிருந்த நேரத்தில் நோய் வந்தது. நோய் உச்சத்தில் இருந்தபோதாவது இதைத் தளர்த்தியிருக்கலாம் என்பது என் எண்ணம். டெல்லிக் கணக்கு திறக்கக் கெடு நீட்டினார்கள். கைமாற்றும் தடை அப்படியே நின்றது.

சிங்கப்பூரிலும் சட்டம் உண்டு. வெளிநாட்டு உதவிக்காகப் பொதுமக்களிடம் நிதி கேட்க அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். அதனால் நாங்கள் தெரிந்தவர்களுக்குள்ளேயே நின்றோம். கேள்விப்பட்டு வந்த மற்றவர்களைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் நிதிக்குத் திருப்பிவிட்டோம். என் எக்செல் பட்டியலில் புதிதாக ஒரு பத்தி சேர்ந்தது: இந்தியப் பாஸ்போர்ட்டின் நீலமா, சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டின் சிவப்பா. நீலப் பாஸ்போர்ட்காரர்களின் பணம் ஊருக்குப் போய், அங்கேயே டிஸ்டில்ட் வாட்டர், மூக்குக் குழாய், நோயாளிகளோடு இருப்பவர்களுக்குச் சாப்பாடு என்று ஆனது. சிவப்புப் பாஸ்போர்ட்காரர்களின் பணம் இங்கேயே கருவியாக மாறி, அரசு வழியாக அரசு மருத்துவமனைக்கே போனது. ஒரே வீட்டில் கணவர் நீலம், மனைவி சிவப்பு. இரண்டு வரியாக எழுதினேன்.

டிஸ்டில்ட் வாட்டரை இத்தனை முறை சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆக்சிஜனை ஈரப்படுத்தும் பாட்டிலில் குழாய்த் தண்ணீரை ஊற்றக் கூடாது. கரும்பூஞ்சை நோய் பரவத் தொடங்கியிருந்த நேரம் அது; மே 20 அன்று தமிழக அரசு அதை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. பாட்டிலைத் தினம் கழுவி, சுத்தமான நீர் மாற்ற வேண்டும் என்று டாக்டர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அந்த நீர் இங்கிருந்து விமானத்தில் போக வேண்டிய பொருளா? ஊரிலேயே கிடைக்கும். கிடைப்பதை அங்கே வாங்கு, கிடைக்காததை மட்டும் ஏற்று என்பது பாயின் கணக்கு.

இனிக் காகிதம். பாயின் உண்மையான கைத்திறன் இங்கேதான். அவர் ஆபீஸில் பெட்டி கட்ட ஆரம்பிப்பதற்கு முன்பே காகிதம் ஊருக்குப் போய்விடும். ஏப்ரல் 24 அன்று மத்திய அரசு ஆக்சிஜன் கருவிகளுக்குச் சுங்க வரியை நீக்கியிருந்தது. மே 3 அன்று, இலவசமாக வந்து இலவசமாகவே வழங்கப்படும் கொரோனா உதவிப் பொருள்களுக்கு ஐஜிஎஸ்டி வரியும் ஜூன் 30 வரை வேண்டாம் என்றது. ஆனால் அதற்கு மாநில அரசு நியமித்த நோடல் அதிகாரியின் சான்று வேண்டும். அது பெட்டி இறங்குவதற்கு முன்பே மீனம்பாக்கம் கார்கோவில் இருக்க வேண்டும். சான்றில் உள்ள பெயர், இன்வாய்ஸில் உள்ள பெயர், ஏர்வே பில்லில் உள்ள பெயர் மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் 'அரசு மருத்துவமனை', மற்றொன்றில் 'அரசு தாலுகா மருத்துவமனை' என்று இருந்தால் பெட்டி கிடங்கில் உட்கார்ந்துவிடும். பாய் மூன்று தாளையும் மேஜையில் பக்கம் பக்கமாக வைத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பார். என்னையும் அப்படியே படிக்கவைப்பார். எச்எஸ் குறியீடு 9019.20, ஆக்சிஜன் சிகிச்சைக் கருவி. இலவசம் என்றாலும் இன்வாய்ஸில் மதிப்பை உள்ளபடி எழுத வேண்டும், சுங்கத்துக்கு மட்டும் என்ற குறிப்போடு. "தர்மத்துக்குப் போற சாமானுக்கு யாரு கேப்பாங்கன்னு நினைக்காதே. தர்மத்துக்குப் போறதுலதான் காகிதம் சுத்தமா இருக்கணும்."

விமானத்தில் இடத்துக்கும் காசு. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுத்தால் வருவது ஒரு எடை. தராசு காட்டுவது இன்னொரு எடை. எது அதிகமோ அதற்குக் கட்டணம். மெஷின் பெட்டி அறுபதுக்கு நாற்பதுக்கு நாற்பது என்றால் பதினாறு கிலோக் கணக்கு. மெஷினும் ஏறக்குறைய அவ்வளவே. மூக்குக் குழாய்ப் பெட்டி பெரிதாக இருக்கும், எடையே இருக்காது. ரெகுலேட்டர் பெட்டி சின்னது, கனம். பாய் இரண்டையும் சேர்த்துக் கட்டுவார். அடியில் ரெகுலேட்டர், ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சுற்றி, ஃப்ளோமீட்டர் கண்ணாடி உள்பக்கம் பார்க்க. இண்டு இடுக்கெல்லாம் குழாய்ப் பாக்கெட். பெட்டியைத் தூக்கி லேசாக ஆட்டிக் காதுக்கருகே வைத்துக் கேட்பார். சத்தம் வந்தால் பிரித்து மறுபடி. பட்டியலில் எழுதாத ஒரு பஞ்சுகூடப் பெட்டிக்குள் இருக்கக் கூடாது. ஆக்சிமீட்டர்களில் பேட்டரியைக் கழற்றித் தனியாக, முனைகள் தொடாமல் டேப் ஒட்டி வைக்க வேண்டும். மெஷின் பெட்டியைப் படுக்கவைக்கக் கூடாது. உள்ளே கம்ப்ரசர் ஸ்பிரிங்கில் நிற்கிறது. 'மேல்பக்கம்' என்று நான்கு பக்கமும் தமிழிலும் எழுதச் சொன்னார். சென்னையிலிருந்து ஏற்றிப்போகிற வேன்காரர் படிக்க வேண்டுமே.

மே 16 முதல் சிங்கப்பூரிலும் கட்டுப்பாடு இறுகி, இரண்டு பேருக்கு மேல் கூடக் கூடாது என்றாகிவிட்டது. உதவிக்கு வரத் துடித்த அத்தனை பேரும் வீட்டில் இருக்க, பாயும் நானும் மட்டும் கட்டினோம். அதற்குள் நோன்புப் பெருநாள் வந்து போயிருந்தது. பெருநாளன்று தொழுகை முடித்துப் புதுச் சட்டையோடு வந்து ஏர்வே பில் போட்டவர் அவர். நோன்பு நாட்களில் மாலை ஏழு மணி தாண்டி அவர் வீட்டிலிருந்து கஞ்சி வரும். எனக்கும் ஒரு தூக்கு தனியாக வந்தது. எங்கள் பக்கத்துப் பள்ளிவாசல் கஞ்சியின் அதே வெந்தய வாசனை.

அந்த வாரங்களில் ஒருநாள், எனக்குப் பத்தாம் வகுப்பில் கணக்கு எடுத்த சார் போய்விட்டார் என்று செய்தி வந்தது. படுக்கை கிடைக்க அலைந்த நேரம் அவரைத் தின்றுவிட்டது. பாய் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, "சார் பேரைச் சொல்லு, துவா செய்யறேன்" என்றார். சொன்னேன். பிறகு பாக்கியிருந்த பெட்டிகளைக் கட்டினோம். எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த மனுஷன் அவர். அன்று நான் போட்ட பெருக்கலும் வகுத்தலும் அவர் கொடுத்தது.

பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. பணம் தந்தவர்களில் சிலர், நோயாளியோடு மெஷின் இருக்கும் படம் கேட்டார்கள். பாய் ஒப்பவில்லை, நோயாளி முகம் யாருக்கும் ரசீது ஆகாது என்றார். சிஸ்டர் அனுப்பியது சீரியல் நம்பர் ஒட்டிய படமும் ஸ்டாக் ரிஜிஸ்டர் பக்கமும். அதைத்தான் எல்லோருக்கும் அனுப்பினேன். எத்தனை ரெகுலேட்டர், எந்த வார்டு, யார் கையெழுத்து. பொதுப்பணித் துறை வயர்மேன் வந்து மெஷின்களுக்குத் தனி லைன் இழுத்துக் கொடுத்ததாகவும் சொன்னார்கள்.

அலை தணிந்த பிறகுதான் வேலையின் மறுபாதி தொடங்கியது. கான்சன்ட்ரேட்டரை ஓட்டாமல் மூலையில் வைத்தால் சியோலைட் ஈரம் குடித்துக் கெட்டுப்போகும். அடுத்த அலைக்கு எடுக்கும்போது காற்றுதான் வரும். மாதம் ஒருமுறையாவது ஓட்ட வேண்டும், ஃபில்டரைக் கழுவிக் காயவைத்துப் போட வேண்டும். இன்றும் சீரியல் நம்பர் பட்டியலை வைத்துக்கொண்டு போன் செய்கிறேன். சில மெஷின்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் போயின. இரண்டு, வயதான நுரையீரல் நோயாளிகளுக்குப் பயன்படுகின்றன. ஒன்றுக்குக் கம்ப்ரசர் போய்விட்டது. உதிரி பாகம் திருச்சியிலேயே கிடைத்தது, அனுப்ப வேண்டியிருக்கவில்லை. போடோக் வாஷர் மட்டும் அவ்வப்போது கேட்கிறார்கள். கடிதக் கவரில் போய்விடும்.

அந்த சிஸ்டர் வேறு ஊர் மருத்துவமனைக்கு மாற்றலாகிவிட்டார். போன மாதம் அங்கிருந்து வாட்ஸ்அப்பில் நான்கு படம் அனுப்பியிருந்தார், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே. சிலிண்டர் வால்வின் வாய் ஒன்று, சுவிட்ச் போர்டு மூன்று. பதினைந்து ஆம்பியர் இரண்டு, ஐந்து ஆம்பியர் நான்கு. பாயிடம் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஜெனரேட்டர் எத்தனை கேவிஏ, டீசல் யாரு ஊத்தறாங்கன்னு கேளும்மா" என்றார். கேட்டிருக்கிறேன்.